தாசன் பழக்கிய ஸ்கூட்டர்

ஊராட்சியான கொம்யூன் கொடுத்த புதுப் பனி ஸ்கூட்டருக்கு வதனியின் குணத்தை அறிய ஒரே ஒரு மேடு போதுமாயிருந்தது.

அதுவும் பெரிய மேடில்லை. நோர்வேயின் வடகோடியில், கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒண்டிக்கிடக்கும் ஸ்கார்வெய்ட் என்ற சிற்றூரில், தீயணைப்பு நிலையத்தின் பின்புறம் சிறுபிள்ளைகள் பிளாஸ்டிக் தட்டில் குந்திச் சறுக்கி விளையாடும் திட்டி. அதைக் கண்டதும் வதனியின் தொடைகள் இறுகின. கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன. மூச்சு அரைவாசியில் நின்றது. அந்தக் கணமே ஸ்கூட்டர் வேகத்தைக் குறைத்து, ஸ்பிரிங்குகளைப் பஞ்சாகத் தளர்த்தி, பின்னால் சுழலும் ரப்பர் பட்டியின் பற்களை உள்ளே இழுத்துக்கொண்டு, முழங்கால் வருத்தக்காரர் படியேறுவதுபோல ஏறத் தொடங்கியது. கைப்பிடிக்கு நடுவே இருந்த சின்னத் திரையில், "பதற வேண்டாம் வதனி, நான் இருக்கிறேன்" என்று நோர்வேஜிய மொழியில் எழுத்து ஓடியது.

சறுக்கு தட்டைக் கயிற்றில் கட்டி இழுத்தபடி நடந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு குழந்தை, அவளைத் திரும்பிப் பார்த்து, இரக்கப்பட்டு, முந்திக்கொண்டு போனது.

வதனி திட்டியிலிருந்து இறங்கி வந்தபோது சென்னியப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஸ்கூட்டர் செய்யும் கம்பெனியில் எஞ்சினியர். புது வண்டியை ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பதற்காகத் தெற்கே இருந்து வந்திருந்தான்.

"தம்பி, உது என்ன விளையாட்டு? நான் விசையை அமத்த அமத்த உது நிக்குது."

"வண்டி மேல தப்பில்லீங்க்கா. சீட்டும் கைப்பிடியும் உங்க உடம்பைப் படிக்குதுங்க. தொடை இறுக்கம், விரல் வியர்வை, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் அதுக்குத் தெரியும். பயந்துட்டீங்கன்னு பட்டா பல்லை உள்ள இழுத்துக்கும், பிடி குறையும், வேகமும் குறையும். போன வருசம் வேற ஊர்ல நர்ஸ் ஒருத்தங்க வண்டியோட பள்ளத்துல போயிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த சட்டமுங்க இது."

"எனக்கு எந்த மேட்டைக் கண்டாலும் பயம்தானே!"

"இன்னைக்கு வெறும் சோதனைதானுங்க. நாளன்னைக்குத்தான் பழக்கற நாள்."

அவன் பொறுமையாக விளக்கினான். பழக்கும் நாளில் வண்டி பனிவெளியில் சும்மா வட்டமடிக்கும். அப்போது அதன்மேல் இருக்கும் உடம்பு எப்படி இருக்கிறதோ அதைத்தான் அந்த ஆளின் 'சாதாரணம்' என்று குறித்துக்கொள்ளும். பாரத்துக்கு ஏற்றபடி சஸ்பென்சனையும் அன்றே தானாக அமைத்துக்கொள்ளும். பின் ஸ்பிரிங் கூட இறுகினால் பாரமெல்லாம் முன் சறுக்குக் கட்டைகளுக்குப் போய்க் கைப்பிடி கல்லாகக் கனக்கும். கூடத் தளர்ந்தால் வண்டி பின்பக்கம் குந்திக்கொண்டு முன்கட்டைகள் அந்தரத்தில் நிற்கும், எங்கே திருப்பினாலும் நேரே போகும். அதனால் ஓட்டுபவரின் பாரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு தடவை பழக்கினால் அந்தப் பனிக்காலம் முடியும்வரை ஒருவராலும் மாற்ற முடியாது.

"பழக்கினதில் என்ன பதிஞ்சுது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாதுங்க. ஒருத்தரோட பயம் அவங்க சொந்த விசயமாச்சே. 'முடிஞ்சது'ன்னு ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான்."

வதனி அதை மனதில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவள் வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் தாதி. ஊருக்குள் இருப்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. மலைக்கு அங்கால், தெருவே இல்லாத இடத்தில், தனித்தனி வீடுகளில் சிலர் இருந்தார்கள். அதில் கடைசி வீடு பெரித் என்ற, வடகோடியின் சாமிப் பழங்குடியைச் சேர்ந்த கிழவியுடையது. நீரிழிவு, ஆறாத கால்புண், நாய்கள் கூட்டமாக. ஒரு தாதி ஒரு வேலைநேரத்துக்குள் அத்தனை வீட்டுக்கும் போய்த் திரும்ப முடியவில்லையென்றால், அவர்களை ஊருக்குள் இருக்கும் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்துவிடுவது என்று கொம்யூன் தீர்மானித்திருந்தது. அங்கே நாய்க்கு இடமில்லை. "என்னைத் தூக்கிக்கொண்டு வர ஆள் அனுப்பினால், யாருக்கு எந்த நாயை விட்டுச் செல்வது என்று இப்போதே பிரித்து வைத்திருக்கிறேன்" என்று பெரித் சொல்லியிருந்தாள்.

திட்டியிலேயே குழந்தை முந்திக்கொண்டு போகிற வண்டியில் அந்த மலையைத் தாண்டுவதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

அன்று பின்னேரம் புட்டு அவித்துக்கொண்டு இருந்தபோதே வதனிக்கு யோசனை வந்துவிட்டது. குசினி மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புருசனைப் பார்த்தாள்.

குகதாசன் ஊரிலேயே பெரிய தைரியசாலி. அதை ஊர் சொல்லியது என்பதைவிட அவனே சொன்னான் என்பது சரி. நண்டுத் தொழிற்சாலையில் வேலை. சில வருசங்களுக்கு முன் அவன் பழைய ஸ்கூட்டரில் கடல்பனிக்கு மேலால் போனபோது பனி உடைந்து வண்டியோடு உள்ளே போய், மீண்டு வந்தவன். அந்தக் கதை ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் வரும். முதலில் வெறுங்கையோடு மேலே வந்தான். பிறகு ஒரு விழாவில் கையுறைக்குள் ஒரு சின்ன மீன் வந்தது. கடைசியாகக் கதை கேட்டவர்களுக்கு, அவன் சிரித்தபடி ஒரு முழுக் கொட் மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"இஞ்சாருங்கோ. உங்களுக்கு ஸ்கூட்டர் எண்டா பயமே இல்லைத்தானே?"

"பயமோ? எனக்கோ?" தாசன் பிளேன்ரீயைக் கீழே வைத்தான். "வதனி, நீர் ஆரோட கதைக்கிறீர் எண்டு தெரியுமே? நான் ஸ்கூட்டருக்கு மேலை நித்திரை கொள்ளுவன்."

"நல்லதாப் போச்சு. அப்ப என்ர ஸ்கூட்டரை நீங்கள் பழக்கிவிடுங்கோ."

தாசனின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. வதனி அப்போது புட்டுக்குழலைத் தட்டிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"அது... சட்டப்படி பிழையெல்லே?"

"பிழைதான். பெரித்தின்ர நாயளைப் பிரிச்சுக் குடுக்கிறது மட்டும் சரியோ? என்ர சிவப்பு ஜக்கெட்டைப் போடுங்கோ. தலைக்கவசத்தைப் போட்டு கண்ணாடியை இறக்கிவிட்டா ஆருக்குத் தெரியும்? ரெண்டு பேரும் ஒரே உயரம். தைரியமான ஆள் எண்டு மெஷின் பதிஞ்சுதெண்டா, நான் ஏறினாலும் தைரியமாத்தானே ஓடும்."

"எனக்கு நாரி நோ வதனி" என்று முதுகின் அடிப்பக்கத்தைத் தடவிக் காட்டினான்.

"நேற்று டான்ஸ் ஆடேக்கை எங்க போட்டுது அந்த நாரி?"

இத்தனை வருசம் சொன்ன கதைகளெல்லாம் வரிசையில் வந்து தாசன் பின்னால் நின்றன. அவற்றை மறித்துக்கொண்டு திரும்பி ஓட வழியில்லை.

ஒரே ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. தாசன் மெலிந்தவன். வதனி அப்படி இல்லை. சோதனை அன்றே வண்டிக்கு அவளுடைய பாரம் தெரிந்துவிட்டதால், வேறு பாரம் ஏறினால் சஸ்பென்சன் கண்டுபிடித்துவிடும். குசினியில் இருந்த பாஸ்மதி மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு சீனிப் பையையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

"இன்னும் காணாது போல கிடக்கு" என்றான் தாசன், கொஞ்சம் துணிச்சலாக.

"காணும்."

"இல்லை வதனி, ஸ்பிரிங் பிழைச்சுதெண்டா..."

"காணும் எண்டு சொல்லிப்போட்டன்!"

ஆனாலும் பழக்கும் நாள் காலையில் அவளே கோதுமை மாப் பையொன்றையும் எடுத்து, ஒன்றும் பேசாமல், அவன் ஜக்கெட்டுக்குள் திணித்துவிட்டாள்.

எல்லாம் சீராக நடந்தது. சென்னியப்பன் சிவப்பு ஜக்கெட்டைப் பார்த்துத் தூரத்திலிருந்தே கும்பிட்டான். வெளிச்சம் தெளிந்த முற்பகலில், தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால் விரிந்த தட்டையான பனிவெளியில், ஸ்கூட்டர் தாசனைச் சுமந்துகொண்டு வட்டம் வட்டமாகப் போனது. நிலையத்தின் யன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற வதனிக்குப் பெருமையாக இருந்தது. என்ன நிமிர்வு! ஒரு பக்கமும் அசையாமல், சிலை மாதிரி இருந்தான் மனுசன். பச்சை விளக்கு எரிந்ததும் இறங்கி, யாரோடும் பேசாமல், நிலையத்தின் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"மாவும் அரிசியும் சரியான பாரமப்பா" என்றான், அவள் ஓடிவந்து கேட்டபோது.

அடுத்த நாள் வதனி மலையேறினாள்.

ஏறினாள் என்று சொல்வதுகூடப் பிழை. மலை அவளுக்குக் கீழே உருவி எடுக்கப்பட்டது. சரிவைக் கண்டதும் அவளுடைய தொடை இறுகியது, விரல் வியர்த்தது, எல்லாம் முன்னைப்போலவே நடந்தன. ஆனால் வண்டி அதைச் சட்டை செய்யவில்லை. பற்களை முழுதாக வெளியே நீட்டிப் பனியைக் கவ்விக்கொண்டு, முன்கட்டைகள் நிலத்தை விடாமல், பின்பக்கம் குந்தாமல், அம்பாகப் பாய்ந்தது. வதனி ஊரில் உள்ள தெய்வங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். திரையில், "நல்ல அமைதியாக இருக்கிறீர்கள் வதனி, தொடரலாம்" என்று எழுத்து ஓடியது.

"அமைதியோ? நாசமாப் போவாய்!" என்று கத்தினாள். வண்டி இன்னும் கொஞ்சம் வேகமெடுத்தது.

பெரித்தின் வீட்டு வாசலில் அவள் கைப்பிடியை விடாமலே இறங்கினாள். கிழவி கதவைத் திறந்து, மணிக்கூட்டைப் பார்த்து, வதனியைப் பார்த்து, "யாராவது துரத்தினார்களா?" என்று கேட்டாள். நாய்கள் எல்லாம் ஓடிவந்து வதனியை நக்கின. புண்ணைக் கழுவிக் கட்டி, ஊசி போட்டு, மற்ற வீடுகளையும் பார்த்து முடித்து ஊர் திரும்பியபோது பகல் இன்னும் மிச்சமிருந்தது.

சில கிழமைகள் அப்படியே போயின. முதியோர் இல்லத்துக்கு ஆட்களை மாற்றும் பேச்சைக் கொம்யூன் கைவிட்டது. வதனியைக் கண்டால் ஊரில் தொப்பியைத் தூக்கினார்கள். தாசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் நான் ஓடக் காட்டிக்குடுத்ததுதான்" என்று தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டு திரிந்தான். வதனியும் அதை மறுக்கவில்லை. தன் புருசனுடைய தைரியம்தான் தனக்குக் கீழே ஓடுகிறது என்று அவள் முழுதாக நம்பினாள். சில சரிவுகளில், கத்தி முடித்த பிறகு, அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. எவ்வளவு நெஞ்சுரமுள்ள மனுசன், எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளியைக் கட்டியிருக்கிறார்.

பனி இளகத் தொடங்கிய நாளொன்றில் அது நடந்தது.

பெரித்தின் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு ஏரி. உறைந்து, மேலே பனி மூடி, மேசைவிரிப்புப்போலக் கிடக்கும். வழக்கமாகக் குறுக்காலேதான் போவாள். அன்று ஏரிக்கரைக்கு வந்தபோது அவளுடைய உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பனியின் நிறம் கொஞ்சம் சாம்பலாக இருந்ததோ என்னவோ. கைகள் உதறின. வண்டி அவளுடைய பயத்தைப் படித்து நின்றுவிடும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள்.

"நல்ல அமைதியாக இருக்கிறீர்கள் வதனி" என்று சொல்லிக்கொண்டு அது நேரே ஏரிக்குப் பாய்ந்தது.

அவள் விசையிலிருந்து பெருவிரலை எடுத்தாள். வண்டி கரையோரம் இழுபட்டு நின்றது. இறங்கி, வண்டியில் கட்டியிருந்த கைத்தடியால் பனியைக் குத்தினாள். தடி பொத்தென்று இறங்கிப் பிடிவரைக்கும் போனது. மேற்பனிக்குக் கீழே சேறும் தண்ணீருமாக இருந்தது. அதற்குள் வண்டி போயிருந்தால் பட்டி புதைந்து, அவளும் இடுப்பளவு குளிர்தண்ணீரில் நின்றிருப்பாள். சுற்றுவட்டாரத்தில் ஆள் நடமாட்டமில்லை.

அவள் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். அன்று பெரித்தின் வீட்டில் சீனி போட்டுக் கோப்பி வாங்கிக் குடித்தாள். ஆனால் குளிரைவிட ஒரு கேள்விதான் அவளை உலுக்கியது. இந்த வண்டிக்கு என் பயம் ஏன் தெரியவில்லை?

அந்தக் கிழமையே சென்னியப்பன் பட்டியின் இறுக்கத்தைச் சரிபார்க்க மறுபடி ஊருக்கு வந்தான். பட்டி தளர்ந்தால் பல் தாவி வழுக்கும். கூட இறுக்கினால் எஞ்சினின் பலத்தைத் தின்னும். வேலை முடிந்ததும் வதனி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தாசன் தொழிற்சாலையில் இருந்தான். இடியப்பமும் நண்டுக்கறியும். சென்னியப்பன் நண்டோட்டை உடைத்துச் சாப்பிடத் தொடங்கும்வரை பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்:

"தம்பி, சும்மா ஒரு கதைக்குக் கேக்கிறன்."

"கேளுங்க்கா."

"பயந்த ஆளுக்குப் பதிலா நல்ல தைரியமான ஒருத்தர் ஏறி வண்டியைப் பழக்கினா என்ன நடக்கும்?"

சென்னியப்பன் சிரித்தான். "நெறையப் பேரு அப்படித்தான் நெனைக்கறாங்க. தலைகீழாப் போயிருமுங்க. தைரியசாலி உடம்பு அமைதியா இருக்கும்ல? அதான் சாதாரணம்னு வண்டி குறிச்சுக்கும். அப்புறம் பயந்தவங்க ஏறி லேசா விரல் நடுங்கினாப் போதும், 'ஐயோ, என்னமோ ஆயிருச்சு'ன்னு நின்னுக்கும். ஒரு அடி நகராதுங்க."

வதனி கறிக்கரண்டியைக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

"அப்ப, ஒருத்தி குழறக் குழற, நடுங்க நடுங்க, வண்டி அவள் அமைதியா இருக்கிறாள் எண்டு சொல்லிப் பறக்குதெண்டா?"

"அது கஷ்டமுங்க. அப்படீன்னா, பழக்குனவரு அவங்களைவிடப் பயந்து போயிருந்திருக்கணும். அதுவும் சமதரையில, ஒண்ணுமே இல்லாத எடத்துல, உசுரு போற மாதிரி. அந்த நடுக்கத்தை வண்டி சாதாரணம்னு எடுத்துக்கிச்சுன்னா, அப்புறம் வேற யாரு பயமும் அதுக்கு ஒறைக்காதுங்க..."

பேசிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். வதனியைப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தான். கதவடியில் தொங்கிய சிவப்பு ஜக்கெட்டைப் பார்த்தான். நண்டுக்காலைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான்.

"நான் எதுவும் கேக்கலீங்க்கா."

"நானும் ஒண்டும் சொல்லேல்லை, தம்பி."

"ஆனா ஒண்ணு மட்டும் கதையாவே சொல்லீர்றேன். அந்த மாதிரி வண்டியில ஓட்டறவங்களுக்குக் காவலே கெடையாதுங்க. இந்தப் பனி முடியற வரைக்கும் மாத்தவும் முடியாது. அவங்க பயத்தை அவங்களேதான் பாத்துக்கோணும்."

"ஓம். அவள் இப்ப பாக்கத் தொடங்கிட்டாள்" என்றாள் வதனி. "இன்னும் கொஞ்சம் கறி போடட்டே?"

அவன் போனபின் அவள் வெகுநேரம் மேசையிலேயே இருந்தாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கடல்பனி உடைந்த நாளுக்குப் பிறகு தாசன் ஸ்கூட்டரில் ஏறி அவள் கண்டதில்லை. ஒருநாள் நாரி நோ, ஒருநாள் எஞ்சின் புகை ஒத்துக்கொள்ளாது, ஒருநாள் நடப்பது உடம்புக்கு நல்லது. அந்தக் கறுத்த தண்ணீருக்குள் என்ன நடந்ததென்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. மீனை மட்டும்தான் வளர்த்துக்கொண்டு வந்தான். பழக்கும் நாளில் சிலை மாதிரி இருந்தது நிமிர்வு அல்ல, உறைந்துபோயிருந்தான். இறங்கிப் போய்ச் சுவரைப் பிடித்தது மாவின் பாரத்தாலும் அல்ல.

அத்தனை பயத்தோடும் ஏறியிருக்கிறான். அவள் கேட்டாள் என்பதற்காக.

வதனிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டாள். பின்னேரம் வீட்டுக்கு வந்த தாசனுக்கு நண்டின் நல்ல பாகங்களையெல்லாம் உடைத்துக் கோப்பையில் வைத்தாள்.

"என்ன இண்டைக்கு விசேஷம்?"

"ஒண்டுமில்லை. சாப்பிடுங்கோ."

ஆனால் தாசனுடைய வாய் அவனுக்கு வேறொரு குழி தோண்டிவிட்டிருந்தது. மனைவிக்கு ஓடக் காட்டிக்கொடுத்தவன் என்ற புகழ் மீட்புக் குழுத் தலைவன் ரோல்ஃபின் காதுக்குப் போயிருந்தது. ஈஸ்டருக்கு ஊரெல்லாம் கூடும் ஸ்கூட்டர் மலையேற்றப் போட்டி. குழுவின் சார்பில் ஓட வேண்டியவனுக்குக் கை முறிந்துவிட்டதால், ரோல்ஃப் தொழிற்சாலைக்கே வந்து எல்லோருக்கும் முன்னால் தாசனைக் கேட்டுவிட்டான். தாசன் யோசிப்பதற்குள் அவனுடைய வாய் சரி என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு அவன் சாப்பாடு குறைந்தது. குசினியில் நடந்துகொண்டே இருந்தான்.

வேண்டாமென்று சொல்லச் சொன்னால், அவனுடைய பயம் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். வதனி பொறுத்திருந்தாள்.

போட்டியன்று வெயிலில் கண் கூசியது. மலையடியில் ஊர் முழுவதும் நின்றது. தாசன் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆனால் வண்டியில் ஏறாமல், அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். போட்டி வண்டிகளைப் பார்த்துக்கொடுக்க வந்திருந்த சென்னியப்பன் ஸ்பானரோடு அவன் பின்னால் போனான்.

"தம்பி, முன் ஸ்பிரிங் தளர்வு."

சென்னியப்பன் குனிந்து இறுக்கினான்.

"இப்ப கைப்பிடி கனக்குது."

பின்பக்கத்தைச் சற்றே தளர்த்தினான்.

"பட்டி தொய்ஞ்சு போச்சு. இதோட மேலை போனா வழுக்கும்."

பட்டியையும் இழுத்துவிட்டான். கெட்டிக்காரப் பிள்ளை, கேட்டதையெல்லாம் உடனுக்குடன் செய்துகொடுத்தான். ஸ்பிரிங், கைப்பிடி, பட்டி என்று ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டு வர, தாசனின் சாக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. கடைசியில் குறை சொல்ல ஒன்றுமே மிஞ்சாத, நோர்வேயிலேயே சிறந்த வண்டியொன்று அவன் முன்னால் நின்றது. ரோல்ஃப் தலைக்கவசத்தை நீட்டினான். தாசனின் உதடுகளில் இரத்தமே இல்லை.

"நில்லுங்கோ!"

கூட்டத்தை இடித்துக்கொண்டு வதனி வந்தாள். நோர்வேஜிய மொழியில், மலையடி முழுவதும் கேட்கும்படி கத்தினாள்: "ரோல்ஃப், என் புருசனை நான் விடமாட்டேன்! இவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. மேலே போய் அங்கால் பக்கமாகப் பறந்துவிடுவார். நான் விதவையாக வேண்டுமா? எனக்குப் பயமாக இருக்கிறது. நான் நடுங்குகிறேன், பார்!" கைகளை நீட்டிக் காட்டினாள். நன்றாகவே நடுக்கிக் காட்டினாள்.

ஊர் சிரித்தது. ரோல்ஃப் தலையைச் சொறிந்தான். மலையைத் தினமும் தாண்டுகிற மனுசியே இப்படிச் சொன்னால் யார் மறுப்பது?

தாசன் இலக்கச் சட்டையைக் கழற்றும்போது அவன் விரல்களும் நடுங்கின. "பாத்தியளே" என்று அருகில் நின்றவர்களிடம் சொன்னான். "மனுசி விடுறாளில்லை. நான் என்ன செய்யிறது?"

சென்னியப்பன் ஸ்பானரைத் துடைத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டி முடியும்வரை நிற்கத் தாசனுக்கு விருப்பமில்லை. நடந்து போகிறேன் என்றான், நடப்பது உடம்புக்கு நல்லது.

"என்னைத் தனிய விட்டிட்டோ?" என்றாள் வதனி, தன் ஸ்கூட்டரில் ஏறி இருந்துகொண்டு. "பின்னாலை ஏறுங்கோ. நீங்கள் இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

அவன் வண்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஏறினான். இரண்டு பேரின் பாரத்திலும் பின் ஸ்பிரிங் மெல்ல அமிழ்ந்து கொடுத்தது. அவன் கைகள் அவள் இடுப்பைச் சுற்றி வந்து இறுகின. ஜக்கெட்டுக்கு மேலாலும் அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்தது. ஸ்கூட்டருக்கு அதெல்லாம் சாதாரணம். "நல்ல அமைதியாக இருக்கிறீர்கள்" என்று எழுதிவிட்டுப் பற்களை நீட்டிக்கொண்டு புறப்பட்டது.

முதல் சரிவு வந்தபோது அவன் மூச்சு அவளுடைய பிடரியில் நின்றுபோனது. வதனி விசையிலிருந்து பெருவிரலைத் தளர்த்தினாள். வண்டி மெல்ல ஊர்ந்து இறங்கியது.

"ஏன் வதனி மெதுவாப் போறீர்?"

"முன்னாலை ஒரு மான் நிண்டுது. கலைச்சிடக் கூடாதெல்லே."

"மானோ? நான் காணேல்லை."

"போட்டுது."

தட்டையான இடத்தில் கொஞ்சம் வேகமெடுத்தாள். அடுத்த சரிவிலும் கைகள் இறுகின.

"இதிலையும் ஒரு மான்" என்றாள்.

"இந்த வருசம் மான் கூடவோ?"

"சரியான கூட."

கடல் தெரிந்தது. கீழே ஊர்க் கூரைகள் வெயிலில் மினுங்கின. ஊருக்கு இறங்கும் கடைசிச் சரிவுதான் எல்லாவற்றிலும் செங்குத்து. அதன் விளிம்புக்கு வருவதற்கு முன்பே தாசன் அவளுடைய தோளில் தட்டினான்.

"வதனி."

"என்னப்பா?"

"அங்க, கீழை... ஒரு மான் நிக்குது போல கிடக்கு."

வதனி பார்த்தாள். சரிவு முழுவதும் வெறும் வெள்ளை. ஒரு காகம்கூட இல்லை.

"ஓமப்பா, நானும் கண்டனான்" என்றாள். "பெரிய மான்."

பெருவிரலை எடுத்தாள்.